கூடவே வராதவை

ஆடி முடிந்து ஆவணி பிறக்கிற வாரத்தில் திருவனந்தபுரத்தின் கரமனைத் தெருக்களில் மினி லாரிகளின் நடமாட்டம் கூடிவிடும். மலையாளக் கணக்கில் கர்க்கடகம் போய்ச் சிங்ஙம் வருகிறது. கர்க்கடகம் மழைக்கும் ராமாயண வாசிப்புக்கும் உரிய மாதம். அந்த மாதத்தில் புதுவீட்டில் பால் காய்ச்சமாட்டார்கள். ஆடியில் குடிபோகக் கூடாது என்று நாஞ்சில் நாட்டில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதும் இதே மாதத்தைத்தான். இந்த ஊரில் வீடு மாற நாள் பார்ப்பவர்கள் பஞ்சாங்கத்தோடு இன்னும் சிலவற்றையும் பார்க்க வேண்டும். ஆற்றுகால் பொங்கலைக்கு முந்தைய நாள் முதலே நகரின் தெற்குப் பகுதிச் சாலைகளில் செங்கல் அடுப்புகள் வரிசை கட்டிவிடும். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசாமி ஆராட்டுக்காகச் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும்போது வழியிலுள்ள விமான நிலைய ஓடுபாதையே சில மணி நேரம் மூடப்படுகிறது. அப்படிப்பட்ட நாளில் கட்டிலும் பீரோவும் ஏற்றிய லாரி கோட்டைப் பக்கம் திரும்ப முடியாது.

புதுவீட்டுக்குள் போவதற்கு நம்மிடம் சடங்குகள் நிறைய உண்டு. முதலில் விளக்கு, பிறகு நிறைகுடம், உப்பு, மஞ்சள், பருப்பு, கண்ணாடி. பால் பொங்கி வழிய வேண்டும். எந்தத் திசையில் வழிகிறது என்று பார்க்க ஓர் அத்தை இருப்பாள். பழைய வீட்டை விட்டு இறங்குவதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. மின்சார மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்கிறோம், அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கணக்குப் போடுகிறோம், சாவியைக் கொடுக்கிறோம். வீடு மாறுவதற்கு வீட்டைத் தயார்ப்படுத்துவது என்றாலே அட்டைப்பெட்டி, சணல் கயிறு, ஒட்டும் டேப் என்றுதான் எண்ணம் ஓடுகிறது. எடுத்துப்போகும் பொருள்களுக்கான ஏற்பாடு அது. விட்டுப்போகிறவற்றுக்கான ஏற்பாடுதான் கடினமானது என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் சரியாகச் செய்யாமல் நழுவுவதும் அதைத்தான்.

கரமனையில் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்கட்டில் ஓர் ஆட்டுரல் கிடந்தது. யாருடையது என்று வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. அதற்கு முன்பு குடியிருந்தவர்களும் அதற்கும் முன்பு இருந்தவர்களும் அதை அங்கேயே விட்டுப் போயிருக்கிறார்கள். குழியின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் நன்றாகத் தேய்ந்திருந்தது. ஆட்டியவர் எந்தப் பக்கம் உட்கார்ந்தார் என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் நின்று தவளைக்குஞ்சு நீந்தும். நாங்கள் காலி செய்தபோது சுமடு தூக்க வந்தவர்களில் வயதில் மூத்தவர் அதன் அருகே போய்க் குனிந்து, கையால் ஒரு தட்டுத் தட்டினார். பாறசாலைப் பக்கத்து ஆள். தமிழும் மலையாளமும் கலந்தே பேசுவார்.

“சார், இத எடுக்கணுமா?”

“எங்களோடது இல்லண்ணா. இங்கயே கெடக்கட்டும்.”

“அப்ப ஒரு காரியம் செய்யணும். குழியில மண்ணப் போட்டு ஒரு துளசி நட்டு வச்சிட்டுப் போங்க. தண்ணி நின்னா கொசு வரும். அடுத்தாப்ல வாறவங்களும் பிள்ளகுட்டி உள்ளவங்களாத்தான இருக்கும்.”

சுமை தூக்கியே உடம்பு தேய்ந்த மனிதருக்கு, தூக்க வேண்டாத பொருளைப் பற்றியும் ஒரு கருத்து இருந்தது. அன்றைய வேலையில் மிகச் சரியான ஏற்பாடு அதுதான்.

கேரளத்தில் சுமட்டுத் தொழிலாளரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே நோக்குகூலிக்குப் போய்விடும். வேலை செய்யாமல் பார்த்து நின்றதற்குக் கேட்கிற கூலி. 2021 செப்டம்பரில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்குக் கருவி ஏற்றி வந்த பெரிய வண்டியையே வழியில் மறித்து அதைக் கேட்டார்கள். உயர் நீதிமன்றம் கடுமையாகப் பேசியது. 2018 மே 1 முதல் அரசு அதை ஒழித்ததாக அறிவித்தும் இருந்தது. இவையெல்லாம் உண்மை, அந்தக் கூலி அநியாயமானது. ஆனால் 1978ஆம் ஆண்டின் கேரளச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் எதற்காக வந்தது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். தலையிலும் முதுகிலும் மூட்டை சுமந்தவனுக்கு நிச்சயமான கூலி கிடையாது, கழுத்தும் இடுப்பும் போனால் கேட்க ஆள் கிடையாது என்ற நிலைமைக்கு எதிராக வந்த சட்டம் அது. தன் சொந்த வீட்டுத் தேவைக்காக ஒருவர் அமர்த்திக்கொள்ளும் ஆளை அதன் வரையறை வெளியே விட்டுவைத்திருக்கிறது. எனவே வீட்டுச் சாமானை நம் ஆள்களை வைத்தே இறக்கிக்கொள்ளலாம். அப்படியும் பலாமரக் கட்டிலை வளைவுப் படிக்கட்டில் எந்தக் கோணத்தில் சாய்த்து இறக்குவது, பீரோவின் எந்தக் கால் முதலில் தரை தொட வேண்டும் என்பதெல்லாம் நம் ஆள்களுக்குத் தெரியாது. அது சுமட்டுத் தொழிலாளர்களின் கழுத்தில் இருக்கிற அறிவு. வீடு மாறும் நாளில் நம் பொருள்களின் உண்மையான கனம் அவர்களுக்குத்தான் தெரிகிறது.

விட்டுப்போகிறதற்கு எப்படி ஏற்பாடு செய்வது என்று யோசிக்கிறபோதெல்லாம் எனக்குப் பத்மநாபபுரம்தான் ஞாபகம் வரும். தக்கலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அது பள்ளிக்கூடச் சுற்றுலா இடம்; முகப்பில் தொங்குகிற குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் நின்றபடி நிற்கும் என்று காட்டுவார்கள். திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த அந்த ஊரை விட்டு, 1795இல் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. ஓர் அரசாங்கமே வீடு மாறியது என்றுதான் சொல்ல வேண்டும். ஓலைச்சுருணைகளும் அதிகாரிகளும் பட்டாளமும் வந்தால் போதாது. வந்தவர்கள் சாப்பிட வேண்டும், துணி வாங்க வேண்டும். திவான் ராஜா கேசவதாசன் சாலைக் கம்போளத்தை நிறுவியது அந்தக் காலகட்டத்தில்தான். தெற்கிலிருந்து தமிழ் வணிகர்கள் வந்து சேர்ந்தார்கள். இன்றும் சாலைத் தெருவில் “அண்ணாச்சி” என்று கூப்பிட்டால் இரண்டு கடைக்காரர்களாவது திரும்பிப் பார்ப்பார்கள். ஆ. மாதவன் அங்கே கடை நடத்திக்கொண்டே அந்தத் தெருவைத் தமிழ்க் கதைகளாக எழுதினார். ஊரில் வீடு மாறுகிறவர்கள் காலி அட்டைப்பெட்டிக்கும் சணலுக்கும் போவதும் அங்கேதான்.

எல்லாம் வந்தது, சரசுவதி வரவில்லை. பத்மநாபபுரம் அரண்மனையில் நவராத்திரிப் பூஜை ஏற்றுக்கொண்டிருந்த தேவாரக்கட்டு சரசுவதியைப் பெயர்த்தெடுத்துப் புதுத் தலைநகரில் நிரந்தரமாக வைத்துவிடவில்லை. கம்பர் வழிபட்ட திருமேனி என்றும், நவராத்திரிப் பூஜை தவறாமல் நடக்கும் என்று சேர மன்னர் வாக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டார் என்றும் ஒரு மரபுக்கதை உண்டு. கதை கிடக்கட்டும், செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரம் சரசுவதி யானைமேலும், வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் அரச உடைவாள் கைமாறுகிறது. ஊர்வலத்துக்கு முன்னால் அது போகிறது. முதல் இரவு குழித்துறை, அடுத்த இரவு நெய்யாற்றின்கரை. களியக்காவிளையில் கேரளப் போலீஸ் அணிவகுப்பு மரியாதை கொடுத்து வரவேற்கிறது. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் அரண்மனை கேரள அரசின் பொறுப்பிலேயே இருக்கிறது. ஆகவே கேரளத்தின் வீட்டிலிருந்து தமிழகத்தின் தெய்வங்கள் எல்லை தாண்டிக் கேரளத்துக்கு விருந்துக்கு வருகிறார்கள். சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் தங்குகிறார்கள். விஜயதசமியன்று குமாரசாமி வெள்ளிக்குதிரையில் பூஜப்புரை போய்த் திரும்புவார். பிறகு ஒருநாள் நல்லிருப்பு. பயணக் களைப்புக்கு முன்னான ஓய்வு. அதன் பின் வந்த வழியே திரும்பிப் போகிறார்கள்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அரச குடும்பத்தின் பக்தி அல்ல. காலி செய்த ஊரை, காலியான ஊராக விட்டுவிடவில்லை என்பதுதான். தலைநகர் போய்விட்டால் ஒரு கோட்டையூரில் என்ன மிச்சமிருக்கும்? பத்மநாபபுரத்துக்கு ஒரு வேலை மிச்சம் வைத்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை புதிய ஊர் பழைய ஊரிடம் கேட்டு வாங்க வேண்டிய ஒன்றை அங்கேயே விட்டார்கள். வழியில் தட்டத்தோடு வாசலில் நிற்கிற பெண்களுக்கும், யானைக்கு வெல்லம் நீட்டுகிற பிள்ளைகளுக்கும் தலைநகர் மாறிய கதை தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த 55 கிலோமீட்டர் பாதை இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு வீட்டின் இரண்டு அறைகளுக்கு நடுவே ஓடும் நடையாகத்தான் இருக்கிறது.

திருவனந்தபுரத்திலேயே வேறு விதமாக விட்டுப்போன வீடும் இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் கட்டிய குதிரைமாளிகை, கூரைக்குக் கீழே மரக்குதிரைகள் வரிசையாக நிற்கிற அந்த அழகான வீடு, 1846இல் அவர் இறந்த பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் பூட்டியே கிடந்தது.

அரசர்களுக்கு நாள் குறிக்க அவகாசம் இருந்தது. தும்பா கடற்கரைக்காரர்களுக்கு நாளை வேறொருவர் குறித்தார். பூமியின் காந்த நடுக்கோடு அந்த மீனவ ஊரை ஒட்டிப் போகிறது. அதற்கு மேலே 100 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி வளிமண்டலத்தில் ஓடுகிற ஒரு மின்னோட்டத்தை ஆராய, ராக்கெட் விட அதைவிட நல்ல இடம் இல்லை. 1962இல் விக்ரம் சாராபாய் தேடி வந்தபோது அங்கே தென்னந்தோப்பும் குடிசைகளும் புனித மகதலேனா மரியாள் தேவாலயமும் ஆயர் இல்லமும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா ஞாயிறு திருப்பலியில் சபையாரிடமே கேட்டார் என்று அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். மக்கள் சம்மதித்தார்கள். வேறிடத்தில் வீடுகளும், பள்ளித்துறையில் புதிய தேவாலயமும் எழுந்தன. பழைய தேவாலயத்தில் ராக்கெட் பாகங்களைப் பூட்டினார்கள்; ஆயரின் அறையில் வரைபடம் போட்டார்கள். ராமேசுவரம் கடற்கரையில் பிறந்த கலாம் அந்த அறைகளில்தான் தம் விண்வெளி வேலையைத் தொடங்கினார். 1963 நவம்பர் 21 மாலை முதல் ராக்கெட் ஏறியது. அமெரிக்கா தந்த நைக்–அப்பாச்சி அது. அது உமிழ்ந்த சோடியம் ஆவியில் அஸ்தமன வெயில் பட்டு வானத்தில் ஆரஞ்சு நிறப் படலம் தெரிந்தது. புது இடத்தின் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களில் சிலர், தாங்கள் பிறந்த வீட்டுக்கு மேலேதான் அது எரிகிறது என்பதை அறிந்திருப்பார்கள்.

இந்தக் கதையை நாம் பெருமையோடு சொல்கிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். கோவில் ஆய்வுக்கூடம் ஆனதில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. தேவாலயத்தை இடிக்காமல் வைத்திருந்து இன்று விண்வெளி அருங்காட்சியகமாகப் பாதுகாக்கிறார்கள். ஆனாலும் அந்தக் கதை ஆயரிடமிருந்து நேரே ராக்கெட்டுக்குத் தாவிவிடுகிறது. நடுவில் ஒரு நாள் இருந்திருக்கும். வலையை மடித்து, கட்டுமரத்தை அவிழ்த்துத் துண்டுகளாகச் சுமந்து, அடுப்புக்கல்லை எடுப்பதா வேண்டாமா என்று நின்ற நாள். மீனவனுக்கு வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமில்லை. வாசலில் நின்றால் கடல் தெரிய வேண்டும், நீரின் நிறம் பார்த்து மீன் வரத்தைச் சொல்ல முடிய வேண்டும், கருவாடு காயப்போட மணல் வேண்டும். அந்த நாளைப் பற்றி யாராவது விரிவாக எழுதியிருந்தால் ராக்கெட் ஏறிய நாளுக்கு இணையாக அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

தும்பாவுக்குத் தெற்கே, அதே கரையில், வீட்டைத் தயார்ப்படுத்த ஒரு பகல்கூடக் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். வலியதுறையில் கடல் ஏறி வரிசை வரிசையாக வீடுகளைத் தின்றது. 2021 மே மாதம் டவ்தே புயலின்போது பழைய கடல்பாலமே ஒரு பக்கம் தாழ்ந்தது. வீடிழந்த குடும்பங்கள் சிமெண்ட் கிடங்குகளில் துணியும் பலகையும் கொண்டு அறை தடுத்து, ஆண்டுக்கணக்கில் இருந்தன. கடலிலிருந்து 50 மீட்டருக்குள் இருப்பவர்கள் உள்ளே தள்ளிப்போகக் கேரள அரசின் புனர்கேகம் திட்டத்தில் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தருகிறார்கள். அதற்கு முன்பே, 2018இல், முட்டத்தறையில் மீனவர்களுக்கு 192 அடுக்கு வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். உறுதியான சுவர், அலை வராத இடம். அது சிறிய விஷயம் இல்லை. ஆனால் மாடிவீட்டில் வலையை எங்கே விரிப்பது, எஞ்சினை யார் காவல் காப்பது? பொருள்களை எண்ணிப் பணம் போடுகிற எந்தக் கணக்கிலும், கூடவே வராத ஒன்று எப்போதும் விடுபடுகிறது. வீடு மாற்றிக் கொடுக்கிறவர்கள் வீடு மாறுகிறவர்களை உட்காரவைத்து, “எதை விட்டுப்போகிறீர்கள்?” என்று ஒரு மாலை முழுதும் கேட்க வேண்டும். இதை மனதாரச் சொல்கிறேன்.

நம்மைப் போன்ற வாடகைக்காரர்கள் விட்டுப்போவது இன்னொரு வகை. கிழிந்த மெத்தை, காலொடிந்த நாற்காலி, டப்பா டப்பாவாகப் பிளாஸ்டிக், காலாவதியான மருந்து. லாரியில் இடமில்லாததெல்லாம் கடைசி இரவில் எங்கேயோ போகிறது. இந்த நகரம் முன்பு அதை விளப்பில்சாலைக்கு அனுப்பியது. அந்தக் கிராமத்து மக்கள் நாற்றத்தையும் கெட்டுப்போன தண்ணீரையும் தாங்க முடியாமல் போராடி 2011 கடைசியில் அந்த ஆலையை மூடவைத்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம். அதற்குப் பிறகு குப்பையை அவரவர் வீட்டிலேயே கையாள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பிளாஸ்டிக்கை ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதந்தோறும் வந்து வாங்கிப் போகிறார்கள். அதற்கும் பொறுமையில்லாதவர்களின் மெத்தைகள் தோட்டில், அதாவது ஓடையில், விழுகின்றன. தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடுகிற ஆமயிழஞ்சான் தோட்டை 2024 ஜூலையில் சுத்தம் செய்ய இறங்கிய தற்காலிகத் தொழிலாளி மழைவெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். குப்பை மலையாய் அடைத்திருந்த சுரங்கத்துக்குள் முக்குளிப்பவர்கள் துழாவினார்கள். இரண்டு நாள் கழித்து உடல் வேறிடத்தில் கிடைத்தது. யாரோ ஒரு வீட்டைக் காலி செய்தபோது சாவியைக் கொடுக்கும் அவசரத்தில் வீசியதும் அந்தக் குப்பையில் இருந்திருக்கும். அந்த மனிதரை நினைக்காமல் இனி இந்த ஊரில் யாரும் வீடு காலி செய்யக் கூடாது.

ஆகவே நல்லிருப்பைப் போல ஒருநாளை நாமும் ஒதுக்கிக்கொள்ளலாம். லாரி போன நாளிலேயே சாவியைக் கொடுக்க வேண்டாம். மறுநாளுக்கும் சேர்த்து வாடகை பேசிக்கொள்ளுங்கள். சாமான் இல்லாத வீட்டில்தான் வீட்டின் குறைகள் கண்ணுக்குப் படும். பீரோ நின்ற சுவரில் பூசணம் பிடித்திருக்கும், அதைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்க்கலாம். துலாமழையில் எந்த ஜன்னல் ஒழுகும், தண்ணீர் வாரியக் குழாயில் எந்நேரம் வேகம் இருக்கும், மோட்டாரின் எந்த வால்வைத் தொடக்கூடாது என்று ஒரு தாளில் எழுதி வைக்கலாம். “போகையில பல்பைக் கழட்டிக்கிட்டுப் போகாத மக்ளே, இருட்டுல வாறவன் வையுவான்” என்று என் பெரியம்மை சொல்வாள். பல்பும் கயிற்றுக்கொடியும் அங்கேயே இருக்கட்டும். எதிர்வீட்டுச் சேச்சியிடம் வாங்கிய இடியாப்ப உழக்கு சமையலறைப் பரணில் கிடக்கிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும். பிளாஸ்டிக்கை வகை பிரித்துக் கழுவிக் காயவைத்துக் கட்டி, சேனைப் பெண்கள் வருகிற நாள் எது என்று கேட்டு, அன்று நேரில் போய்க் கையில் கொடுத்து, அந்த மாதத்துக் கட்டணத்தையும் பாக்கியில்லாமல் கட்டிவிட வேண்டும். அவர்களில் ஒருத்தி கரமனை ஆற்றுப்பக்கம் ஒற்றையறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். மெத்தை நல்லதாக இருந்தால் கேட்டுப் பாருங்கள், வேண்டுமென்றால் அவளே ஆட்டோவில் வந்து எடுத்துப்போவாள்.